தடுமாறாத கால்களே நமது கைமுதல்



ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துக் கடைத்தெருக்களுக்குத் தனிக் களை வந்துவிடும். வெளியூர்க் கூட்டம் பெருகும், வியாபாரம் கூடும். கூடவே கடைவாசலில் ஈரமும் கூடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வருகிறவர்களின் கால் ஈரம், குடையிலிருந்து வடியும் நீர், மூட்டை இறக்கும்போது சாக்கிலிருந்து கசியும் நீர் என்று படிக்கட்டு முதல் கல்லா வரை தரை காய்வதே இல்லை. அருவிக்கரையில் வழுக்கி விழுந்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் விழுந்த நம் வணிகர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. சரக்கு, வரி, வாடகை என்று எத்தனையோ எழுதிவிட்டோம். இம்முறை நம் கால்களைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

ஒரு வீழ்ச்சியின் வரவு செலவு

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். மூட்டையைத் தூக்கும் பலம் குறைந்திருந்தாலும் நாவன்மையும் நினைவாற்றலும் குறையாதவர். சாரல் நேரத்து இரவில், கடை அடைக்கப் போகும் வேளையில் வந்த ஒருவருக்காகப் பரணில் இருந்த அப்பளக் கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறினார். இறங்கும்போது கால் வைத்த இடத்தில் ஒரு நனைந்த சாக்கு. வருகிறவர்கள் கால் துடைக்கட்டும் என்று அவரே போட்டு வைத்த சாக்கு அது. சாக்கு நகர்ந்தது, அவர் விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் நான்கு மாதம் கடை அடைந்து கிடந்தது. ரவையிலும் மைதாவிலும் வண்டு விழுந்தது. பற்று நோட்டில் பாதிதான் எழுத்தில் இருந்தது. மீதி அவர் தலைக்குள் இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் அடுத்த தெருக் கடைக்குப் பழகிவிட்டார்கள். பிழைக்க வெளியூர் போயிருந்த மகன் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து கடையைத் திறந்தார். இன்று கடை நடக்கிறது. பெரியவர் மட்டும் ஒரு படி இறங்குவதற்கும் இருவர் கையைப் பிடிக்கிறார். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் நீங்கவில்லை.

ஒரு ஆள் கடை நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் அடங்கிய கணக்கு புரியும். தீ விபத்துக்குக் காப்பீடு எடுக்கிறோம். திருட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். கடையின் முழுப் பாரத்தையும் சுமக்கும் இரண்டு கால்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, கீழே விழுவதால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். தற்செயலாக நேரும் காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இப்படி இறப்பவர்களில் அதிகம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். விழுந்த உடனே இறப்பவர் குறைவு. எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பதால் வரும் நுரையீரல் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தம் உறைதல் ஆகியவையும் உயிரைக் கொண்டுபோகின்றன.

கால் ஏன் தடுமாறுகிறது?

“வயசாயிட்டுது, தள்ளாமை வந்துட்டுது” என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். உடல் நிற்பதற்குப் பின்னால் ஒரு கூட்டு வியாபாரமே நடக்கிறது. அதில் மூன்று பங்காளிகள். ஒன்று கண். தரை எங்கே, படி எங்கே என்று பார்த்துச் சொல்கிறது. இரண்டாவது, காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. மூன்றாவது, பாதத்திலும் கணுக்காலிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். உடம்பின் பாரம் எந்தக் காலில், குதிகாலிலா முன்பாதத்திலா என்று அவை நொடிக்கு நொடி தெரிவிக்கின்றன. மூளை இந்த மூன்றையும் சரிபார்த்து, தொடை, இடுப்புத் தசைகளுக்கு உத்தரவு போடுகிறது. தராசு முள் ஒரு பக்கம் சாயும்போது மறு தட்டில் படிக்கல் வைப்பதைப் போன்ற வேலை இது.

வயது ஏறும்போது மூன்று பங்காளிகளும் சோர்ந்து போகிறார்கள். கண்ணில் புரை விழுகிறது. உட்காதின் கூர்மை குறைகிறது. தசை மெலிகிறது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தால் பாதம் மரத்துப் போகிறது. காலில் செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கல்லாவிலிருந்து சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். தூக்க மாத்திரையும் காலைத் தள்ளாட வைக்கும்.

இவற்றோடு நம் தொழிலின் பழக்கமும் சேர்கிறது. முன்பு மண்டிக்காரர் என்றால் களத்துக்கும் கிட்டங்கிக்கும் நாள் முழுக்க நடந்தார், சிப்பத்துக்குச் சிப்பம் தாண்டினார். இப்போது கொள்முதலும் விற்பனையும் கைபேசியில் முடிந்துவிடுகிறது. காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை ஒரே நாற்காலி. உபயோகிக்காத தராசில் துரு ஏறுவது இயற்கை. உபயோகிக்காத காலும் அப்படித்தான். ஆனால் துருவைத் தேய்த்து எடுக்க முடியும். எழுபதிலும் எண்பதிலும்கூடச் சமநிலையைப் பயிற்சியால் மீட்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவம் நமக்குச் சொல்லும் நல்ல சேதி.

முதியோர் நலத்தைத் தனி மருத்துவமாகப் பார்ப்பதில் நம் மாநிலம் நாட்டுக்கே முன்னோடி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். “வயதானால் அப்படித்தான்” என்று முதியவர்களின் நோயைத் தள்ளிவிடும் வழக்கத்துக்கு அங்கிருந்துதான் மாற்று தொடங்கியது.

சீனத்தின் மெதுவான கலை

சமநிலைக்கான பயிற்சிகளில் உலகம் முழுவதும் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ‘தாய் சி’ என்ற சீனப் பயிற்சி. நம் பக்கத்துக்கு இந்தப் பெயர் முற்றிலும் புதிதல்ல. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று குடியேறியவர்கள் பலர். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பு 1941-லேயே அங்கு தொடங்கப்பட்டுவிட்டது. அங்கே போய் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: விடியற்காலையில் பூங்காக்களிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலும் சீனத்து முதியவர்கள் வரிசையாக நின்று, தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெல்ல மெல்லக் கையையும் காலையும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் தாய் சி.

இதன் முழுப்பெயர் தாய் சி சுவான். அடிப்படையில் இது ஒரு போர்க்கலை. சீனத்தின் ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில் 17-ஆம் நூற்றாண்டில் உருவாகி, சென் குடும்பத்துக்குள் பயிலப்பட்டு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் அதைக் கற்று வெளியே கொண்டுபோய்ப் பரப்பினார். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, பொதுமக்கள் எளிதில் கற்கும்படி அதைச் சுருக்கி 24 அசைவுகளாக வகுத்தது. 2020-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

அசைவுகளின் பெயர்கள் கேட்கவே இனிமையாக இருக்கும். ‘காட்டுக் குதிரையின் பிடரியைக் கோதுதல்’, ‘வெண்கொக்கு சிறகு விரித்தல்’, ‘மேகம்போல் கை அசைத்தல்’, ‘பொற்சேவல் ஒற்றைக் காலில் நிற்றல்’ என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பலவானாலும் உள்ளே இருக்கும் சூத்திரம் ஒன்றுதான். முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகை நிமிர்த்தி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்ற வேண்டும். பாரம் உள்ள காலை ‘நிறைந்த கால்’ என்றும், பாரம் இல்லாத காலை ‘வெறுங்கால்’ என்றும் சீனர்கள் சொல்கிறார்கள். ஒரு கால் முழுவதும் நிறைந்த பிறகே மறு கால் தரையை விட்டு எழ வேண்டும். எழுந்த கால் வெறுங்காலாகவே முன்னே போய்த் தரையைத் தொட்டுப் பார்த்து, தரை உறுதி என்று தெரிந்த பிறகே பாரத்தை வாங்க வேண்டும்.

தெரியாத ஊர் ஆளுக்குச் சரக்கு அனுப்புமுன் நாம் எப்படி விசாரித்து, முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்த்து, பிறகு முழு லோடு ஏற்றுகிறோமோ அதே நிதானம். வழுக்கி விழுகிறவர் யாராயினும், தரையை விசாரிக்காமல் முழுப் பாரத்தையும் ஒரே அடியில் அனுப்பியவர்தான்.

ஆய்வுகள் சொல்லும் கணக்கு

இது வெறும் புகழ்ச்சியா, உண்மையா என்று கேட்பது வணிகருக்கு அழகு. எடை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், எமோரி பல்கலைக்கழகத்தார் எழுபது வயதைக் கடந்த 200 பேரிடம் நடத்திய ஆய்வு 1996-இல் வெளிவந்தது. 15 வாரம் தாய் சி பயின்றவர்கள் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்திருந்தது. அதே நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் ஃபூசோங் லீ என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 70 முதல் 92 வயது வரையுள்ள 256 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் வாரம் மூன்று முறை தாய் சி செய்தனர். மற்றவர்கள் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தனர். ஆறு மாத முடிவில் தாய் சி குழுவில் 38 வீழ்ச்சிகள், மற்றதில் 73.

அதே குழுவினர் 2018-இல் இன்னும் பெரிய ஆய்வை வெளியிட்டனர். முன்பே விழுந்தவர்கள் அல்லது நடையில் தடுமாற்றம் உள்ளவர்கள் என 670 முதியவர்களை ஏறக்குறைய சமமான மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி. நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களிடம் 363 வீழ்ச்சிகள். பலம், நடை, சமநிலை என்று பலவகைப் பயிற்சி செய்தவர்களிடம் 218. தாய் சி அசைவுகளைச் சமநிலைக்கென்று திருத்தி அமைத்துப் பயின்றவர்களிடம் 152. ஐந்தொகை போட்டுப் பார்த்தால் பாதிக்கும் மேல் மிச்சம்.

எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டினால் லாபம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. 25 நாடுகளைச் சேர்ந்த 108 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, பொதுவாக உடற்பயிற்சி வீழ்ச்சிகளை 23 சதவீதம் குறைக்கிறது என்றும், தாய் சி சுமார் 19 சதவீதம் குறைக்கலாம் என்றும் கணக்கிட்டது. தாய் சி பற்றிய சான்று இன்னும் வலுப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. நூற்றுக்கு இருபது என்றாலும் எந்தச் சரக்கில் நமக்கு இப்போது இருபது சதவீதம் கிடைக்கிறது?

அந்தத் தொகுப்பில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. “தினமும் வாக்கிங் போறோமே, போதாதா?” என்று கேட்போர் பலர். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் நடை மட்டும் வீழ்ச்சியைக் குறைக்கிறது என்பதற்கு அந்தத் தொகுப்பில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. சமநிலையைச் சற்றே சோதிக்கும் பயிற்சிதான் சமநிலையை வளர்க்கும். பூங்காவில் எட்டுப் போட்டு நடப்பவர்கள் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, பாரம் மாறுவதைக் கவனித்து நடந்தால் அந்தப் பயிற்சிக்கும் பொருள் கூடும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் தங்களுக்கு இது ஆகாது என்று எண்ண வேண்டாம். பாஸ்டன் நகரில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், இயன்முறை மருத்துவம் அளித்த அதே அளவு நிவாரணத்தைத் தாய் சியும் அளித்தது. மடக்கும் அளவை வலிக்காத எல்லைக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

கால் மாறி ஆடிய பெருமான்

“அண்ணாச்சி, இந்த வயசுல சீனாக்காரன் ஆட்டம் நமக்கு எதுக்கு?” என்று நம் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நம் ஊர்க் குற்றாலத்துச் சித்திர சபைக்குப் போய்ப் பாருங்கள் என்று சொன்னோம். ஐந்து சபைகளில் சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருவாலங்காடு ரத்தின சபை, திருநெல்வேலி தாமிர சபை. குற்றாலத்தில் ஆடல்வல்லான் ஓவியமாகவே காட்சி தருவதால் அது சித்திர சபை. அந்தத் திருக்கோலத்தை பக்தியோடு பார்க்கிற நாம் ஒருமுறை அந்தக் கால்களையும் கவனித்துப் பார்க்கலாம். ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடங்கியிருக்கும். உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு பாதத்தின் மேல் நிற்கும். தூக்கிய இடக்கால் பாரமின்றிக் காற்றில் நிற்கும். நிறைந்த காலும் வெறுங்காலும் நம் கண்முன்னே!

மதுரை வெள்ளியம்பலத்தில் இது மாறியிருக்கும். ஒரே காலை ஊன்றி ஆடினால் பெருமானுக்கு எவ்வளவு வலிக்கும் என்று ராஜசேகர பாண்டியன் உருகி வேண்ட, இறைவன் கால் மாறி ஆடியதாகத் திருவிளையாடல் கதை. ஒரு காலில் பாரத்தை ஊன்றுவதும், வேண்டும்போது மறு காலுக்கு மாற்றுவதும் நம் மண்ணுக்குப் புதிய பாடமல்ல. சீனர்கள் அதை அன்றாடப் பயிற்சியாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதே வேறுபாடு. மிளகாயும் உருளைக்கிழங்கும் கடல் கடந்து வந்தவைதானே? நல்ல சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தாலும் கொள்முதல் செய்வதே வணிகர் மரபு.

முதலில் இருப்புக் கணக்கு

பயிற்சிக்கு முன் நம் கால்களின் இருப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்வோம். சுவருக்கோ கல்லா மேஜைக்கோ அருகில், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு செய்யுங்கள். நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் பத்து வினாடி. முதலில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்பது. இரண்டாவது, ஒரு பாதத்தின் உட்பக்கம் மறு பாதத்தின் பெருவிரலை ஒட்டுமாறு அரையடி முன்னே வைத்து நிற்பது. மூன்றாவது, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. நான்காவது ஒற்றைக் காலில் நிற்பது. மூன்றாவது நிலையில் பத்து வினாடி நிற்க முடியாத முதியவருக்கு விழும் அபாயம் கூடுதல் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

ஒற்றைக் கால் சோதனைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்கள் அடுத்த ஏழு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 84 சதவீதம் அதிகமாக இருந்தது. காலில் நிற்காததே சாவுக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. உள்ளே பல சரக்குகள் குறைந்துவிட்டன என்பதற்கு அது ஓர் அடையாளம். நிற்க முடியாதவர்கள் பயப்படாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

கல்லாவுக்குப் பின்னால் பத்து நிமிடம்

தாய் சி ஆசான் கிடைக்கும் ஊரில் அவரிடமே கற்பது சிறப்பு. கிடைக்காத இடத்தில் அதன் அடிப்படையையாவது பழகலாம். காலையில் கடை திறந்து சாமி விளக்கேற்றி, முதல் வாடிக்கையாளர் வருமுன் பத்து நிமிடம். பிற்பகல் மந்த வேளையில் இன்னொரு பத்து நிமிடம். கை எட்டும் தூரத்தில் மேஜையோ கனமான மூட்டையோ இருக்கட்டும். சக்கர நாற்காலி, ஸ்டூல் இவற்றைப் பிடிமானமாகக் கொள்ளாதீர்கள்.

முதலாவது, நிற்பு. இரு பாதங்களையும் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை இம்மியளவு மடக்கி, உச்சந்தலையை யாரோ கயிறு கட்டி மேலே இழுப்பதுபோல் நிமிர்ந்து நில்லுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

இரண்டாவது, பாரம் மாற்றுதல். மனத்துக்குள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிக்கொண்டே பாரத்தை வலக்காலுக்குக் கொண்டுபோங்கள். இடக்கால் வெறுங்காலாகிவிட்டதா என்று அதன் குதிகாலைச் சற்றே தூக்கிப் பாருங்கள். பிறகு மறுபக்கம். பக்கத்துக்குப் பத்து முறை.

மூன்றாவது, அடி எடுத்தல். வெறுங்காலைச் சிறிது முன்னே வைத்து, குதிகாலை முதலில் பதித்து, பிறகு பாதம் முழுவதையும் பதியுங்கள். அதன் பிறகே பாரத்தை ஊற்றுங்கள். புனல் வைத்து எண்ணெய் ஊற்றும்போது சிந்தாமல் எப்படி ஊற்றுவோமோ அப்படி. அதே நிதானத்தோடு பின்வாங்கவும் பழகுங்கள். பக்கவாட்டிலும் அடி வைத்துப் பழகுங்கள். குறுகிய கடைக்குள் நாம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நகர்கிறோம்.

நான்காவது, மேகக் கை. ஒரு கை மார்புக்கு நேரே, மறு கை வயிற்றுக்கு நேரே மெல்லக் குறுக்கே போகட்டும். இடுப்பு கையோடு திரும்பட்டும், கண் மேல் கையைப் பின்தொடரட்டும். தலை திரும்பும்போதே கால் நிலையாக நிற்கப் பழகுவது இதன் பயன். பின்னால் யாராவது கூப்பிட்டுச் சட்டென்று திரும்பும்போதுதானே பலர் விழுகிறார்கள்?

ஐந்தாவது, சேவல் நிற்பு. விரல் நுனிகளை மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு முழங்காலை மெதுவாக உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நில்லுங்கள். நாளாக ஆக இரண்டு விரல், ஒரு விரல் என்று பிடியைக் குறைக்கலாம்.

கடைசியாக, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. தொடைத் தசைக்கு இதைவிட எளிய மருந்து இல்லை. முடியாதவர்கள் கையை ஊன்றியே தொடங்கலாம்.

பத்து நிமிடம் என்பது முன்பணம்தான். ஆய்வுகளில் பலன் கண்டவர்கள் வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் மாதக்கணக்கில் பயின்றவர்கள். பயிற்சியை விட்டால் பலனும் போய்விடும். தலைசுற்றல், நெஞ்சு வலி, அடிக்கடி விழுதல், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. சமநிலைப் பயிற்சியைச் சொல்லித்தர இயன்முறை மருத்துவரே தகுந்தவர். விழுந்த பின் அவரைத் தேடுவதைவிட முன்பே ஒருமுறை பார்ப்பது சிக்கனம்.

கடையையும் கொஞ்சம் திருத்துவோம்

கால் எவ்வளவு பழகினாலும் கடை ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை. ஈரச் சாக்கைக் கால்மிதியாகப் போடும் வழக்கத்தை இன்றே விடுவோம். அடியில் ரப்பர் உள்ள மிதியடி வாங்கினால் நகராது. எண்ணெய் டின், நெய் டப்பா வைக்கும் இடத்தில் சிந்தினால் அரிசி உமியோ மரத்தூளோ தூவித் துடைத்த பிறகே அடுத்த வேலை. பிரித்த மூட்டையின் சணல் கயிறும் பிளாஸ்டிக் நாடாவும் காலைச் சுற்றும் பாம்புகள். அவற்றுக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். அடிக்கடி விற்கும் சரக்கு இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டில் இருக்கட்டும். பரணில் ஏறுவது அறுபதைக் கடந்தவர் வேலையாக இருக்க வேண்டாம். கடைப் படியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடும், பிடித்து இறங்க ஒரு கம்பியும் இருந்தால் நமக்கும் நல்லது, வாங்க வரும் பெரியவர்களுக்கும் நல்லது. தேய்ந்த ரப்பர் செருப்பை வருடக்கணக்கில் போடுவது சிக்கனமாகாது. இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

பற்று நோட்டையும் மறக்க வேண்டாம். யார் எவ்வளவு பாக்கி என்பது முழுவதும் எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

சாரல் நாளில் அருவிக்குப் போகும் மூத்த வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பாசி படிந்த பாறையில் நீள அடி வைக்காதீர்கள். அடியைச் சுருக்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, வெறுங்காலால் தரையைத் தொட்டுப் பார்த்துப் பிறகு பாரத்தை மாற்றுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் வெட்கப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெருக்கினால் ஒதுங்கி நில்லுங்கள். அருவி நாளையும் கொட்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

ஆய்வுகளில் பயின்றவர்கள் தனித்தனியே பயிலவில்லை, கூட்டமாகப் பயின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாகத் தொடங்கியவர் பத்து நாளில் விட்டுவிடுவார். பத்துப் பேர் கூடினால் ஒருவரை ஒருவர் இழுத்து வருவார்கள். ஒவ்வோர் ஊர் வணிகர் சங்கக் கட்டிடத்திலும் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் இடம் சும்மாதான் கிடக்கிறது. வாரம் இரண்டு நாள் அந்த நேரத்தை அறுபதைக் கடந்த உறுப்பினர்களுக்கு ஒதுக்கலாம். முதல் சில வாரங்களுக்கு ஓர் இயன்முறை மருத்துவரை அழைத்து, ஒவ்வொருவரையும் சோதித்து, அவரவர்க்கு ஏற்ற பயிற்சியைச் சொல்லச் செய்யலாம். வணிகர்களின் இல்லத்தரசிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயது கூடும்போது பெண்களின் எலும்பு இன்னும் விரைவாக மெலிகிறது. நம் கடைகளில் பாதி அவர்கள் உழைப்பால்தான் நடக்கின்றன. மே 5 வணிகர் தினத்துக்கு ஆயிரக்கணக்கில் திரண்டு உரிமைக்காக எழுந்து நிற்கும் நமக்கு, வாரம் இரண்டு காலை நம் கால்களுக்காக எழுந்து நிற்பது பெரிய காரியமில்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு கடை அடைக்குமுன் தரையில் கிடக்கும் கயிற்றையும் சாக்கையும் எடுத்துவிட்டு, மேஜையைத் தொட்டுக்கொண்டு பத்து முறை பாரத்தை மாற்றிப் பாருங்கள்.